ஆறாவது பாட்டின் கடைசி மூச்சு

நீதிபதி என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த மனிதர் சட்டம் படித்தவர் இல்லை. ஜூஸ் ஆலையில் வேலை. கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக ஓடிவந்து, நிரம்பி, மூடி போட்டுக்கொண்டு போகிற மூன்றாம் லைனுக்கு அவர்தான் ஆபரேட்டர். வயது ஐம்பத்தொன்று. ஆனால் ராக் இசை என்று வந்துவிட்டால், அதிலும் ரேடியோக்காரர்கள் சீந்தாத மாற்று ராக் என்று வந்துவிட்டால், அவர் வாயைத் திறந்த பிறகு மற்றவர்கள் மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் அந்த வட்டத்தின் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

வட்டம் என்றால் என்ன பெரிய வட்டம்! ஐந்தே பேர். நீதிபதி, ஒரு பல் டாக்டர், ஒரு பல்புக்கடைக்காரர், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், ஒரு லாரி டிரைவர். மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் டாக்டரின் கிளினிக்கில் கூடுவார்கள். அன்று பல்வலிக்காரர்களுக்கு விடுமுறை. பல் துலக்குவது எப்படி என்று படம் போட்ட சுவருக்குக் கீழே டாக்டரின் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். ஒரு ஆல்பத்தை முதல் பாட்டு தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை பேச்சு மூச்சில்லாமல் கேட்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஆள் கருத்துச் சொல்ல வேண்டும். கடைசியில் நீதிபதி தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு வந்ததும், சற்று முன்னால் வேறு மாதிரி பேசியவர்கள்கூட "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்பார்கள்.

அவர்கள் உயிரை விடுவது ஒரே ஒரு குழுவுக்காக. நாலு பேர் குழு. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாலே ஆல்பம் போட்டுவிட்டு, அடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஆல்பங்களின் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளம். அதனால் நம் ஆட்கள் அட்டைப்படத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். முதலாவது குடை, இரண்டாவது ஈரச் சுவர், மூன்றாவது நாற்காலி. நாலாவதின் அட்டையில் ஒரு மண்ணும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

"குடை, பசியில இருந்த பசங்க போட்டது" என்பார் நீதிபதி. "அதுல தப்பு இருக்கு. ரெண்டு இடத்துல டிரம்ஸ் முன்னாடி ஓடுது. ஆனா பொய் இல்லை. நாற்காலில தப்பே கிடையாது, மொத்தமும் பொய். கீபோர்டு வாசிக்க ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க பாருங்க, அன்னைக்கே குடும்பம் நாசமாப் போச்சு!"

நாற்காலியின் மூன்றாவது பாட்டுதான் ஊரெல்லாம் ஓடிய பாட்டு. அதை யாராவது முணுமுணுத்தால்கூட நீதிபதிக்குப் பற்றிக்கொண்டு வரும். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அடுத்தவனுக்குக் காட்டுவதற்காகப் போடுகிற பாட்டாம் அது. ஒருமுறை லாரி டிரைவர் அதைத் தன் போனில் அழைப்பு மணியாக வைத்திருந்தார். நடுச் சபையில் அது அடித்தது. மனிதர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவே வெட்கப்பட்டார்.

ஈரச் சுவர் என்றால் மட்டும் நீதிபதியின் குரல் இறங்கிவிடும். அதிலும் ஆறாவது பாட்டு. கிதார் முதலில் ஓயும், அப்புறம் பேஸ் கிதார் ஓயும், கடைசியில் டிரம்ஸின் சிம்பல் தகடு மட்டும் சிலுசிலுவென்று தனியாக நிற்கும். அது அடங்குகிற இடத்தில் பாடகன் ஒரு மூச்சை உள்ளே இழுப்பான். இன்னொரு வரி பாட வந்தவன், பாடாமலே விட்டுவிடுகிற மூச்சு. அந்த மூச்சை முதலில் கண்டுபிடித்தவர் நீதிபதிதான். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. கேசட் கடை வரிசையில் சிநேகமான பல் டாக்டர், அன்றைக்குக் கல்லூரி மாணவர், கேசட்டில் நாலு தடவை போட்டுக் கேட்டும் பிடிபடாமல், ஐந்தாம் தடவை கேட்டுவிட்டு, "டேய், உனக்குக் காதா அது, இல்லை வேற ஏதாவதாடா!" என்று கட்டிப்பிடித்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நீதிபதி முப்பது வருஷம் ஓட்டிவிட்டார் என்று சொன்னால் மிகையில்லை. டாக்டருக்குப் படிப்பு இருந்தது, கிளினிக் இருந்தது, ஊரில் மரியாதை இருந்தது. நீதிபதிக்கு என்ன இருந்தது? எட்டு மணி நேரம் இரைச்சலில் நிற்கிற வேலை, சொல்பேச்சுக் கேட்காத முழங்கால், அப்புறம் இந்தக் காது. லைனில்கூட அதை வைத்துத்தான் பெயர் வாங்கினார். ஓடுகிற பாட்டில்களில் ஒன்று கீறல் விட்டிருந்தால் ஒலி மாறுமாம், கண்ணால் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துவிடுவார். அதற்காகவே, காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆலை கொடுக்கிற மஞ்சள் நுரைப் பஞ்சை அவர் இருபத்தைந்து வருஷமாகச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். மேனேஜரும் கண்டுகொள்ளவில்லை. லைன் நிற்காமல் ஓடினால் சரி.

வீட்டில் மனைவி ஒரு பல்லவி வைத்திருந்தாள். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி எவனோ மூச்சு விட்டது கேக்கும். பக்கத்து ரூம்ல நான் கத்தினா கேக்காது." அவர் சிரிப்பார், அவளும் சிரிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மறுபதிப்பு வந்தது. ஈரச் சுவரின் மூல நாடாக்கள் கிடங்கில் தண்ணீர் புகுந்து வீணாகிவிட்டன. அதனால், முதல் பதிப்பு இசைத்தட்டைக் கீறலில்லாமல் வைத்திருக்கிற ரசிகர்கள் அனுப்பி உதவலாம், அதிலிருந்து ஒலியை எடுத்துச் சுத்தம் செய்து புதுசாக வெளியிடுகிறோம் என்று பாட்டுக் கம்பெனி அறிவித்தது. நீதிபதி தன் தட்டை அனுப்பினார். டாக்டரும் அனுப்பினார். நீதிபதியின் தட்டு ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. மிகவும் தேய்ந்திருக்கிறது, அன்புக்கு நன்றி என்று ஒரு சீட்டு. டாக்டரின் தட்டை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் அதை மொத்தமாக நாலு தடவைதான் போட்டிருக்கிறார், மீதியெல்லாம் கேசட்டில் கேட்டது.

நாலு தடவை! ஆயிரம் தடவை போட்டுக் கேட்டவனின் தட்டு குப்பை, நாலு தடவை போட்டுவிட்டு அலமாரியில் பூட்டி வைத்தவன் ரசிகன். நீதிபதிக்கு வயிறு எரிந்தது. எரியாது என்று யார் சொல்ல முடியும்?

மறுபதிப்பு வந்த மாதம், முதல் ஞாயிறு, டாக்டர் கையில் புதுத் தட்டோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். அட்டையைப் பிரித்து உள்பக்கத்தைக் காட்டினார். நன்றி என்று போட்டு, பொடி எழுத்தில் டாக்டரின் பெயர். டீச்சர் கைதட்டினார். டிரைவர் அதைப் போட்டோ எடுத்தார். டாக்டர் அட்டையை நீதிபதியிடம் கொடுத்து, "உன் பேரையும் போடச் சொல்லி எழுதினேன்டா. தட்டு கொடுத்தவங்க பேர் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க" என்றார். நீதிபதி அந்தப் பெயரை ஒருதரம் படித்தார், மறுபடியும் படித்தார், அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

தட்டு சுழன்றது. ஐந்து பாட்டு முடிந்து ஆறாவது வந்தது. கிதார் ஓய்ந்தது, பேஸ் ஓய்ந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. நீதிபதி முன்னால் குனிந்தார். சிம்பல் இல்லை, மூச்சும் இல்லை. வெறும் அமைதி, அதற்குப் பிறகு ஏழாவது பாட்டு.

"நிறுத்துங்க" என்றார்.

சபை நடுவில் தட்டை நிறுத்துவது அந்த வட்டத்தில் நடக்காத காரியம். டாக்டர் ஊசியைத் தூக்கினார்.

"சிம்பல் எங்கே? மூச்சு எங்கே? சுத்தம் பண்றேன்னு உயிரையே துடைச்சு எடுத்துட்டானுங்க. யாருக்காவது அந்த மூச்சு கேட்டுச்சா?"

பல்புக்கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். "கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு" என்றார் பல்புக்கடைக்காரர். "ஆமாண்ணா, முன்ன மாதிரி இல்லை" என்றார் டீச்சர். டிரைவர் தலையை ஆட்டினார்.

டாக்டர் மட்டும், "எனக்கு நல்லாக் கேட்டுச்சுடா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நீதிபதியின் முகத்தையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உனக்கா? நாலு தடவை கேட்டவனுக்கு என்னடா தெரியும்? அன்னைக்கும் நான் காட்டித்தானே கேட்ட! அட்டையில பேர் வந்தா காது வந்துடுமா? செவிட்டுப் பய!"

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார், சொல்லாமல் தட்டை எடுத்து உறையில் போட்டார். "கிளம்பும்போது விளக்கை அணைச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தன் சொந்தக் கிளினிக்கிலிருந்து தானே வெளியே போனார்.

நீதிபதி அதோடு விட்டாரா? விடவில்லை. இணையத்தில் அந்தக் குழுவுக்கென்று இருக்கிற ரசிகர் பக்கத்தில் நீளமாக ஒரு பதிவு எழுதினார். கேட்கத் தெரியாதவர்கள் கொடுத்த தட்டிலிருந்து கேட்கத் தெரியாதவர்கள் எடுத்த பதிப்பு, வாங்கியவர்கள் திருப்பி அனுப்புங்கள், இந்த மனுவில் கையெழுத்துப் போடுங்கள் என்று. கூடவே அந்த நன்றிப் பக்கத்தின் படத்தையும் போட்டார். அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம். நானூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். டாக்டரின் பெயரைச் சொல்லிச் சொல்லித் திட்டினார்கள். பல்லைப் பிடுங்குவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று எவனோ எழுதினான், அதற்கு நூறு பேர் சிரித்தார்கள். கம்பெனி ஓசைப்படாமல் அடுத்த அச்சிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டது. டாக்டர் ரசிகர் பக்கத்திலிருந்தும் விலகினார், வட்டத்திலிருந்தும் விலகினார். கூட்டம் பல்புக்கடையின் பின்னறைக்கு மாறியது. நீதிபதி வெற்றி பெற்றவர் மாதிரி நடந்தார்.

ஏழு மாதம் போனது. ஆலைக்குப் புது நிர்வாகம் வந்து, எல்லோருக்கும் காது சோதனை கட்டாயம் என்றது. முற்றத்தில் ஒரு வேனுக்குள் டெலிபோன் கூண்டு அளவுக்குப் பெட்டி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நீதிபதி உற்சாகமாகத்தான் உள்ளே போனார். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன, அழுத்தினார். பிறகு மெல்லிசாக வந்தன, அழுத்தினார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே சோதனை செய்கிற பெண் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அவர் காத்திருந்தார். கடைசியில் தட்டிக் கேட்டார், "என்னம்மா, மெஷின் நின்னுடுச்சா?"

"இல்லை சார். போட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

காகிதத்தில் ஒரு கோடு காட்டினாள். பாதி வரை நேராக வந்து, பிறகு குழிக்குள் இறங்கியது. "பேச்செல்லாம் கேக்கும் சார். மெல்லிசா, கூர்மையா இருக்கிற சத்தம் கேக்காது. சின்ன மணி, குருவி, காத்து போற சத்தம், இந்த மாதிரி. ஒரு நாள்ல வர்றது இல்லை, பத்து வருஷமாவது ஆகியிருக்கும். பஞ்சு வைக்கறது இல்லையா?"

"உங்க மெஷினை முதல்ல சரி பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் தன் பழைய ஈரச் சுவரைப் போட்டார். ஆறாவது பாட்டு. கண்ணை மூடிக் கேட்டார். கிதார், பேஸ், சிம்பல், இதோ மூச்சு. அப்பாடா! தெளிவாகக் கேட்டதே!

மனைவியைக் கூப்பிட்டார். "இங்கே வந்து நில்லு. நான் கண்ணை மூடிக்கிறேன். மூச்சு வர்ற இடத்துல கையைத் தூக்குவேன், சரியா இருக்கான்னு நீ சொல்லு. காலையில ஒரு பொண்ணு என்னைச் செவிடுங்கறா."

அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது. முனகிக்கொண்டே வந்து பாட்டுப் பெட்டி பக்கத்தில் நின்றாள். மறுபடி ஆறாவது பாட்டு ஓடியது. கிதார் ஓய்ந்தது, பேஸ் ஓய்ந்தது. நீதிபதி மூடிய கண்ணோடு, முகமெல்லாம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு கையை உயர்த்தினார். "இப்போ!"

கண்ணைத் திறந்தார். அவள் கை ஒலிக் குமிழின் மேல் இருந்தது.

"என்னங்க" என்றாள். "பாட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சு நான் எப்பவோ சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சிட்டேன். சிம்பலா அது, ஸ்ஸ்னு ஒண்ணு இழுத்துக்கிட்டு இருந்துச்சே, அது பாதியில இருக்கும்போதே குறைச்சிட்டேன்."

அவர் குமிழைப் பார்த்தார். பூஜ்யத்தில் இருந்தது. இத்தனை வருஷமாக அவர் கேட்டது தட்டில் இருந்ததை இல்லை, மண்டைக்குள் இருந்ததை. பழைய தட்டின் கரகரப்பும் இழுவையும் மனப்பாடம், அதனால் வர வேண்டியது வர வேண்டிய இடத்தில் தானாக வந்தது. புதுத் தட்டு அவருக்கு மனப்பாடம் இல்லை, அதனால் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். மனைவி அவர் தோளில் கை வைத்தாள். அன்றைக்கு அவள் அந்தப் பல்லவியைப் பாடவில்லை. பாடியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

முதல் ஞாயிறு வந்தது. பல்புக்கடைப் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், நால்வரும் உட்கார்ந்தார்கள். நீதிபதி அன்றைய தட்டைப் போட விடவில்லை. காதுச் சோதனைக் காகிதத்தை எடுத்து நடுவில் வைத்தார்.

"எனக்குக் காது போச்சு. பத்து வருஷமாப் போயிருக்கு. அந்த மறுபதிப்புல தப்பு இல்லை, என் காதுலதான் தப்பு. டாக்டர் சொன்னதுதான் சரி. அவன் பேரைக் கெடுத்துட்டேன். இன்னைக்கே ரசிகர் பக்கத்துல எழுதப்போறேன். உங்களையும் தப்பா நடத்திட்டேன், மன்னிச்சிடுங்க. நான் சொன்னதை நம்பித்தானே நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க."

இதைச் சொல்ல அவர் மூன்று இரவு தூங்கவில்லை. சொல்லி முடித்ததும் யாராவது ஐயோ என்பார்கள் என்று எதிர்பார்த்தார்.

பல்புக்கடைக்காரர் மூக்கைச் சொறிந்தார். "அது வந்து... எனக்கு அன்னைக்கே மூச்சு கேட்டுச்சு."

"என்னது?"

"எனக்கும்தாண்ணா" என்றார் டீச்சர். "சொல்லப்போனா, பழசைவிட நல்லாக் கேட்டுச்சு. முதல் தடவையா அப்போதான் எனக்கு ஒழுங்காப் புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் கம்மியா இருக்குன்னு சொன்னீங்க?"

"நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்களே. நீங்க சொன்னப்புறம் நாங்க எப்படி..."

டிரைவர் இதுதான் சமயம் என்று நினைத்தாரோ என்னவோ, "நாற்காலிகூட எனக்கு ரொம்பப் பிடிக்கும்ணே" என்றார். "இருபது வருஷமா லாரில அதுதான் ஓடுது." டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எனக்கு அந்தக் கீபோர்டுதான் உயிர்" என்று அவரும் சொன்னார்.

நீதிபதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இவர்களுக்காகவா இத்தனை வருஷம் அவர் தொண்டை கிழியப் பேசினார்! ஒருவரும் ஒன்றையும் ஒப்புக்கொண்டதில்லை. தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்கள். மனுஷன் கோபித்துக்கொள்வான், ஆமாம் போட்டு வைப்போம் என்று இருந்திருக்கிறார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரம் அவருக்கு ஒரு வழியையும் காட்டியது. தப்பு தன்னுடையது மட்டும் இல்லையே!

"அப்போ நீங்களே அவன்கிட்டச் சொல்லுங்க" என்று டாக்டரின் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு, அட்டைப்பெட்டி மேல் வைத்தார்.

டாக்டர் எடுத்தார். "சொல்லு" என்றார். ஏழு மாதத்துக்கு அப்புறம் பேசுகிற குரல் மாதிரி இல்லை, பல்வலிக்காரரிடம் பேசுகிற குரல்.

நீதிபதி கொட்டினார். சோதனையைச் சொன்னார், குமிழைச் சொன்னார், கோடு குழிக்குள் இறங்கியதைச் சொன்னார். "எனக்குக் கேக்கலைடா. நிஜமாவே கேக்கலை. தெரிஞ்சு செய்யலை. இவங்களுக்கெல்லாம் கேட்டிருக்கு, ஒருத்தரும் வாயைத் திறக்கலை. கேட்டியா இந்த அநியாயத்தை! எனக்கு மட்டும் காது இருந்திருந்தா இது நடந்திருக்குமா, நீயே சொல்லு."

"உனக்குக் காது கேக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் டாக்டர். "மூச்சு வந்த இடத்துல உன் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அத்தனை பேர் முன்னாடி அதைச் சொல்ல வேண்டாம்னு பேசாம எழுந்து போனேன்."

"அதான் பார்த்தியா! தெரிஞ்சும் நீ சொல்லலை..."

"நான் இன்னும் முடிக்கலை" என்றார் டாக்டர். "அட்டையை உன் கையில கொடுத்தப்பவும் உன் முகத்தைப் பார்த்தேன். அப்போ தட்டு இன்னும் உறைக்குள்ளதான் இருந்துச்சு. காதை விடுடா. நல்லாக் கேட்டிருந்தா மட்டும் நீ வேற என்ன சொல்லியிருப்ப?"

மூன்று பேரும் நீதிபதியைப் பார்த்தார்கள். இல்லைடா என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். முப்பது வருஷம் எந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் பதில் வைத்திருந்த மனிதருக்கு இதற்குப் பதில் வரவில்லை. மடியில் கவிழ்த்து வைத்த அந்த அட்டைதான் கண்ணுக்குள் நின்றது. தீர்ப்பு அப்போதே தயாராகிவிட்டது, அவருக்கும் அது தெரியும்.

டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு போனை வைத்துவிட்டார்.